வீட்டுக் கரண்டுக்குக் கணக்காய்வு: காசு கொடுத்துச் செய்யலாமா?

கடை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு பின்னேரம், ஏறாவூரிலுள்ள எனது கூட்டாளி ஒருவரின் மகன் என்னைத் தேடி வந்தான். பொறியியல் படித்து, கொழும்பில் சில வருடங்கள் வேலை பார்த்துவிட்டு இப்போது ஊரோடு வந்திருக்கும் பையன். கையில் ஒரு சிறிய பெட்டி.

"மாமா, வீடுகளுக்கு வலுக் கணக்காய்வு செய்து குடுக்கிறன். வீட்டில கரண்ட் எங்கெங்க போகுது, எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்க ஏலாது எண்டு எழுத்தில அறிக்கை தருவன். 18,000 ரூபா" என்றான்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். "தம்பி, என்ட மகள்ட வீட்டுக் கரண்ட் எங்க போகுதெண்டு எனக்குத் தெரியும். அது மருமகன்ட ஏ.சி.க்குப் போகுது. இதைச் சொல்ல 18,000மா?"

அவனும் சிரித்தான். தேநீர் குடித்தான். அட்டையொன்றை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அன்றிரவு இஷாவுக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் நாலைந்து வியாபாரிகள் நின்று பேசிக்கொண்டிருந்தபோது இந்தப் பேச்சை எடுத்தேன். "சும்மா ஏமாத்து வேல" என்றார் ஒருவர். பேக்கரி வைத்திருக்கும் ஒருவரோ, "எனக்கெண்டா அவன அனுப்புங்க ஹாஜியார், இன்னும் கூடக் கேட்டாலும் குடுப்பன்" என்றார். அதன் பிறகு வேறு சிலரும், "நீங்கதானே பேப்பரில எழுதுறீங்க, இது சரிவருமா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். எனது பதில் இடையில் இரண்டு தடவை மாறியது. ஆகவே முடிவை மட்டும் சொல்லாமல், அது மாறிய கதையையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கரண்ட் பில்லை நம்மில் பலர் ஒரு காலத்தில் கணக்கிலேயே சேர்க்கவில்லை. வீட்டுச் செலவுக் கொப்பியில் மீனுக்கும் மாவுக்கும் கீழே எங்கோ ஒரு மூலையில் கிடக்கும். 2022 மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போதுதான் பலர் மீற்றரை நிமிர்ந்து பார்த்தார்கள். அதே வருடம் ஓகஸ்டில் கட்டணத்தைச் சராசரியாக 75 வீதம் ஏற்றினார்கள். 2023 பெப்ரவரியில் அதற்கு மேல் இன்னும் 66 வீதம். பிறகு இறக்கினார்கள், ஏற்றினார்கள். 2025 ஜனவரியில் 20 வீதம் இறங்கியது. அதே வருடம் ஜூனில் 15 வீதம் ஏறியது. இப்படி ஏறி இறங்கும் சரக்கை வைத்துக்கொண்டு வருடக் கணக்குப் போட முடியாது என்பதை வியாபாரிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. விலை நம் கையில் இல்லை. எவ்வளவு வாங்குகிறோம் என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

இனி எனது வீட்டுக் கதைக்கு வருகிறேன். எங்கள் காத்தான்குடியை அறிந்தவர்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. கிழக்கே கடல், மேற்கே வாவி, இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய மணல் தரையில் வீட்டோடு வீடு ஒட்டி நிற்கிறது. பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம் என்பது கிழக்கிலே எங்கள் வழக்கம். (அது சரியா பிழையா என்பது வேறொரு கட்டுரைக்குரிய விஷயம், அதை எழுதினால் பாதிப்பேர் என்னோடு கோபித்துக்கொள்வார்கள்.) காணியின் விலையோ கேட்கவே பயமாக இருக்கிறது. ஆகவே மூத்தவளுக்குக் கீழ்வீடு, இளையவளுக்கு மேல்வீடு. அதற்காக முதலாவது வீட்டுக்கு ஓடு போடாமல் கொங்கிரீட் ஸ்லாப் போட்டு, மூலைகளில் கம்பிகளை வானத்தைப் பார்க்க நீட்டி விட்டுவிட்டு, அடுத்த பிள்ளைக்கு வயது வரும்வரை காத்திருப்போம். அந்தக் கம்பிகளைப் பார்த்தே அந்த வீட்டில் இன்னும் எத்தனை பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

நானும் அப்படித்தான் கட்டினேன். செலவைக் குறைக்க உயரத்தில் ஒரு வரி கல்லைக் குறைத்தேன். பக்கத்து வீட்டுச் சுவர் மூன்று அடி தூரத்தில் இருந்ததால், பெண்களுக்கு வசதியில்லை என்று அந்தப் பக்க ஜன்னல்களை அடைத்தேன். இரண்டையும் பெரிய புத்திசாலித்தனம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

2023இல் புதிய விலையில் பில் வந்தபோது மகள் அதை என்னிடம் காட்டவில்லை. மருமகன் நல்ல பிள்ளை, மாதச் சம்பளக்காரர். ஏ.சி.யை நிறுத்து என்று மகள் சொல்ல, கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படி நிறுத்துவது என்று அவர் கேட்க, இரண்டு பேருக்கும் இடையில் பேச்சுக் குறைந்துவிட்டது. எனது மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது. அதன்பின் இரண்டு மாதம் நானே இரகசியமாகப் பில்லைக் கட்டினேன். அது மருமகனுக்குத் தெரிந்ததும் வீட்டில் இன்னும் மோசமாகிவிட்டது. கட்டிக் கொடுத்த வீட்டுக்கு மாமனார் கரண்ட் காசும் கட்டுகிறார் என்றால் ஓர் ஆண்பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

மாதம் 240 யுனிட் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுப் பாவனைக்கான கட்டணம் படிப்படியாக ஏறுவது. 60, 90, 180 என்று படிகள். மேல்படிக்குப் போகப் போக யுனிட்டின் விலையும் கூடும், மாதாந்த நிலையான கட்டணமும் கூடும். 2023 பெப்ரவரி விலையில் 180க்கு மேற்பட்ட ஒவ்வொரு யுனிட்டும் 75 ரூபா. நிலையான கட்டணம் 2,000. 180க்குள் நின்றால் நிலையான கட்டணம் 1,500. அதாவது 240இல் 60 யுனிட்டைக் குறைத்தால் யுனிட்டில் 4,500, நிலையான கட்டணத்தில் 500, ஆக மாதம் 5,000 ரூபா மிச்சம். பாவனையில் கால்பங்கு குறைந்தால் பில்லில் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஏனென்றால் நாம் குறைப்பது எப்போதும் மேலேயுள்ள விலை கூடிய யுனிட்டை.

இதே கணக்கைச் சின்ன வீட்டுக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 85 யுனிட் எரிக்கும் வீட்டில் 10 யுனிட்டைக் குறைத்தால் அதே 2023 விலையில் 420 ரூபாதான். நிலையான கட்டணமும் மாறாது. அந்த வீட்டுக்காரர் 18,000 ரூபா கொடுத்துக் கணக்காய்வு செய்தால், போட்ட காசு திரும்ப மூன்றரை வருடம் செல்லும். அவருக்கு இது தேவையில்லாத வேலை. யார் வந்து என்ன பெட்டியைத் திறந்து காட்டினாலும் தேவையில்லை. விலை மாறினால் ரூபாக் கணக்கு மாறும், ஆனால் கணக்கின் போக்கு இதுதான்.

சரி, 240 யுனிட் வீட்டுக்காரர் உடனே காசு கொடுக்க வேண்டுமா? அதுவும் இல்லை. முதலில் தன் கையால் செய்யக்கூடியதைச் செய்ய வேண்டும். வருடக் கடைசியில் கடையை மூடி இருப்பு எடுக்கிறோமே, யாரும் நமக்கு வந்து எடுத்துத் தருவதில்லையே. அதைப்போலத்தான்.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். ஒரு கொப்பி. இரவு படுக்கும்போது மீற்றரின் எண், சுபஹுக்கு எழும்பியதும் மீற்றரின் எண். ஒருநாள் மருமகனே மனம் வைத்து, "இண்டைக்கு ஏ.சி. போடாம பாப்பம் மாமா" என்றார். வீட்டில் ஓடியது பிரிட்ஜும் இரண்டு மின்விசிறியும் மட்டும். சாதாரண கூரை விசிறி ஏறத்தாழ 75 வோட் எடுக்கும். ஏழு மணித்தியாலத்துக்கு இரண்டு விசிறியும் சேர்ந்து ஒரு யுனிட். பிரிட்ஜுக்கு அரை யுனிட்டுக்குக் கொஞ்சம் கூட. ஆக ஒன்றரை, ஒன்றே முக்கால் வர வேண்டும். விடிய எழும்பிப் பார்த்தால் இரண்டே முக்கால்!

ஒரு யுனிட் எங்கே போனது? மருமகன் வயரிங்கில் பிழை என்றார். நான் மீற்றரில் பிழை என்றேன். கண்டுபிடித்தது எனது மனைவி. அடுத்த இரவு பேரப்பிள்ளைக்குக் காய்ச்சலென்று அங்கே போய்த் தங்கியவர், விடிய இரண்டு மணிக்குக் கிணற்று மோட்டார் தானாக ஓடுவதைக் கேட்டிருக்கிறார். எல்லோரும் தூங்கும் நேரத்தில் தண்ணீர் யாருக்கு? குளியலறைக்குள் போய்ப் பார்த்தால், கொமட்டின் தண்ணீர்த் தாங்கி சத்தமில்லாமல் உள்ளுக்குள்ளேயே ஒழுகிக்கொண்டிருக்கிறது. மேல் தாங்கி இறங்க இறங்க, ஓட்டோமெட்டிக் சுவிட்ச் மோட்டாரைப் போட்டுவிடுகிறது. ஒரு ரப்பர் வளையம் மாற்றியதோடு முடிந்தது. மாதம் 30 யுனிட். எங்கள் பக்கத்தில் மணல் தரை, தண்ணீர் கைக்கெட்டும் ஆழத்தில் கிடக்கிறது என்பதால் மோட்டாரை நாம் செலவாகவே நினைப்பதில்லை. நினைக்க வேண்டும்.

பிறகு பிரிட்ஜ். கதவுக்கும் ரப்பருக்கும் இடையில் ஒரு நூறு ரூபாத் தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். எங்களுடையதில் தாள் வழுக்கிக்கொண்டு வந்தது. ரப்பரை மாற்றி, சுவரோடு ஒட்டிக்கிடந்த பெட்டியை ஒரு சாண் முன்னுக்கு இழுத்து வைத்தோம். அதில் மாதம் 15 யுனிட் போலக் குறைந்தது.

இன்னொரு வழியும் இருக்கிறது. இப்போதுள்ள மீற்றர்களில் ஒரு சிறு விளக்கு மினுக்கும். ஒரு யுனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்பது மீற்றரின் முகத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். 1000 என்றோ 1600 என்றோ இருக்கலாம். வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரு பொருளை மட்டும் போட்டு, ஆறு நிமிடத்துக்கு எண்ணுங்கள். பத்தால் பெருக்கினால் ஒரு மணித்தியாலக் கணக்கு. ஆயிரம் மினுக்கல் மீற்றரில் ஆறு நிமிடத்துக்கு நூறு மினுக்கினால் அந்தப் பொருள் மணிக்கு ஒரு யுனிட் தின்கிறது என்று அர்த்தம். எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும் மினுக்கிக்கொண்டே இருந்தால் நல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அது காசுக் கணக்கைவிடப் பெரிய விஷயமாக இருக்கலாம்.

இப்படி 240 யுனிட் 195க்கு வந்தது. ஒரு சதமும் யாருக்கும் கணக்காய்வுக் கூலி கொடுக்கவில்லை. இந்தக் கட்டத்தில் எனது பதில், 'காசு கொடுக்கத் தேவையே இல்லை, கொப்பி போதும்' என்பதுதான். ஏறாவூர்ப் பையனைப் பார்த்துச் சிரித்ததும் இந்தத் தைரியத்தில்தான்.

ஆனால் 195க்குக் கீழே அது இறங்கவே இல்லை. கச்சான் காற்றுக் காலத்தில் எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்பது மட்டக்களப்பு மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். மேற்கிலிருந்து அடிக்கும் அந்தக் காய்ந்த காற்றில் பகலில் முகம் எரியும். பின்னேரம் கடல் காற்று வந்தால்தான் மூச்சு வரும். மகளின் அறைக்கோ, நான் அடைத்த ஜன்னலால் அந்தக் கடல் காற்றும் இல்லை. இரவு பத்து மணிக்கு ஏ.சி. போட்டால் இரண்டு மணிக்கு டைமர் நிறுத்தும்வரை அது ஒரு தடவைகூடத் தானாக ஓயாமல் ஓடியது. ஏ.சி. விற்கும் கடையொன்றில் விசாரித்தபோது, "இது உங்கட ரூமுக்குக் காணாது ஹாஜியார், பெரிய சைஸ் போடுங்க" என்றார்கள். நானும் கிட்டத்தட்ட முற்பணம் கட்டப் போய்விட்டேன்.

அந்த நேரத்தில்தான் எனக்கு ஒரு பழைய கதை ஞாபகம் வந்தது. 2016இல் அரசாங்கம் 'சூரிய பல சங்கிராமய' என்று கூரைச் சூரிய மின் திட்டத்தைத் தொடங்கியபின், அடுத்த வருடம் ஒரு கொம்பனிக்காரர் எனது கடைக்கு வந்து இலவசமாகக் கணக்காய்வு செய்து தருவதாகச் சொன்னார். இலவசம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? வந்தார், பன்னிரண்டு மாதப் பில்லையும் வாங்கினார், கூட்டிப் பன்னிரண்டால் பிரித்தார், இத்தனை தகடு வேண்டும் என்றார். அவ்வளவுதான் கணக்காய்வு. கடையில் அப்போது வரிசை வரிசையாகச் சூட்டு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. புடவை பளபளக்க வேண்டும் என்பதற்காகப் போட்டவை. அவற்றின் சூட்டைத் தணிக்க ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்வார்? நான் குறைவாக எரித்தால் அவர் குறைவாகத் தகடு விற்பார். வாங்கிப் பூட்டி ஒரு வருடத்துக்குப் பிறகு விளக்குகளை எல்.ஈ.டி.க்கு மாற்றினேன். தகட்டை அதற்குப் பிறகு வாங்கியிருந்தால் பாதி போதுமாக இருந்திருக்கும்.

சூரிய மின்சாரத்தை நான் குறை சொல்லவில்லை; நல்ல முதலீடுதான். முதலில் பாவனையைக் குறைத்து, பிறகு அளவு பார்த்து வாங்க வேண்டும் என்கிறேன். பொருள் விற்கிறவர் இலவசமாகத் தரும் கணக்காய்வுக்கு நாம் பொருளின் விலையில் காசு கொடுக்கிறோம். புடவைக் கடையில் அளவெடுப்பது இலவசம் என்று நானும்தான் போட்டிருக்கிறேன். அதன் அர்த்தம் எனக்குத் தெரியாதா?

ஆகவே ஏ.சி. கடைக்கு முற்பணம் கட்டாமல், மேசை லாச்சியில் கிடந்த அட்டையைத் தேடி எடுத்து அந்தப் பையனுக்குக் கோல் எடுத்தேன். எடுத்தவுடன் நான் கேட்டது: "நீ எதையாவது விற்கிறியா? எந்தக் கடையிலயாவது கொமிசன் இரிக்கா?" இல்லை என்றான். "என்னத்தை அளப்பாய்?" சொன்னான். "அறிக்கையில ரூபாக் கணக்கு இரிக்குமா?" இருக்கும் என்றான். "ஒண்டும் குறைக்க ஏலாது எண்டா அதையும் எழுதுவியா?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "எழுதுவன் மாமா, ஆனா அப்ப பாதிக் காசுதான் எடுப்பன்" என்றான். அந்தப் பதில் எனக்குப் பிடித்துக்கொண்டது. கூட்டாளியின் மகன் என்பதற்காக இதை எழுதவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தத் தொழில் பற்றி ஒரு வார்த்தை. நாட்டில் இதற்கென ஓர் அரச நிறுவனம் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபை. வலுக் கணக்காய்வாளர்களுக்கும் வலு முகாமையாளர்களுக்கும் அங்கீகாரம் கொடுப்பது அதன் வேலைகளில் ஒன்று. அப்படி அங்கீகாரம் பெற்றவர்கள் பெரும்பாலும் ஆலைகள், ஹோட்டல்கள், பெரிய கட்டிடங்கள் என்றுதான் போகிறார்கள். வீட்டுக்கு வந்து பார்ப்பது மேல்நாட்டில் பரவிய பழக்கம். 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு குளிர் நாடுகளில் வளர்ந்தது. அங்கே வாசற்கதவில் பெரிய விசிறியைப் பூட்டி, வீட்டுக் காற்றை வெளியே இழுத்து, எந்த இடுக்கால் குளிர் நுழைகிறது என்று தேடுவார்கள். அவர்களுக்குச் சூடு வெளியே போகக் கூடாது. நமக்குச் சூடு உள்ளே வரக் கூடாது. ஆகவே அந்த நாட்டுக் கணக்கைப் பார்த்து இத்தனை வீதம் மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பையன் வந்தது இரவு ஏழரை மணிக்கு. பகலில் வராமல் ஏன் இரவில் என்று கேட்டேன். "உங்கட பிரச்சினை இரவிலதானே மாமா" என்றான். பெட்டியிலிருந்து துப்பாக்கி போன்ற ஒரு வெப்பமானியை எடுத்து அறையின் சுவர்களை நோக்கிப் பிடித்தான், பிறகு மேலே பிடித்தான். அறைக் காற்று 31 பாகை. தலைக்கு மேலே ஸ்லாப்பின் அடிப்பக்கம் 37 பாகை. வெயில் போய் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேலாகிவிட்டது! "கொங்கிரீட் பகல் முழுக்க வெயிலைக் குடிக்கும் மாமா, இரவு பூரா அதைக் கீழ துப்பும். ஏ.சி. அறையைக் குளிராக்கல்ல, ஸ்லாப்போட சண்டை பிடிக்குது. பெரிசு போட்டா பெரிய சண்டை" என்றான்.

குடியிருக்கும் எவருக்கும் சூடு தெரியும். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று நாங்கள் நால்வரும் நாலு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். கொப்பியால் மோட்டாரைப் பிடிக்க முடிந்தது. ஸ்லாப்பைப் பிடிக்க முடியவில்லை. ஏனென்றால் ஸ்லாப்புக்கு மீற்றர் இல்லை.

கீழ்வீட்டுக்கு அவன் எழுதிய மருந்து பெரிதாக ஒன்றுமில்லை. ஸ்லாப்பின் மேற்பக்கத்துக்கு வெள்ளை நிறத்தில் வெப்பம் தடுக்கும் பூச்சு. அடைத்த ஜன்னலின் மேல்பகுதியில், ஆள் பார்க்க முடியாத உயரத்தில், காற்றுப் போகக் கிராதி. செய்தோம். ஏ.சி. இப்போது ஓடி ஓடி இடையில் ஓய்கிறது. மாதம் 180க்குள் நிற்கிறது, நோன்பு மாதத்தைத் தவிர. (நோன்பில் இரவெல்லாம் வீடு விழித்திருக்கிறது. அதைக் குறைக்க நான் யாருக்கும் சொல்லப் போவதில்லை.) வெறும் கீழ்வீட்டுக் கணக்கை மட்டும் பார்த்தால், 18,000 கட்டணமும் பூச்சுச் செலவும் திரும்பிவர நல்ல காலம் எடுக்கும். நஷ்டமில்லை, பெரிய இலாபமும் இல்லை என்றுதான் எழுதியிருப்பேன்.

ஆனால் போகும்போது பையன் படியேறி மேலே போய், நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளைப் பார்த்துவிட்டு, "இது யாருக்கு?" என்று கேட்டான். "இளையவளுக்கு. வாற வருஷம் வேலை தொடங்கணும்" என்றேன். "மேலயும் ஸ்லாப்பா?" "ஓம், வேறென்ன?" அவன் சொன்னான்: "மேல்வீடு கட்டினா கீழ ராத்தாட வீடு தானா குளிர்ந்திரும் மாமா. இந்தச் சூடு முழுக்கத் தங்கச்சிட வீட்டுக்குப் போகும்."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மூத்தவளின் வீட்டில் இரண்டு வருடம் நடந்த மனக்கசப்பை, இலட்சக் கணக்கில் செலவழித்து, இளையவளுக்குச் சீதனமாக மாடியேற்றிக் கொடுக்கப் பார்த்திருக்கிறேன். அவளுக்கும் ஒரு மருமகன் வருவார். அவரும் மாதச் சம்பளக்காரராகத்தான் இருப்பார். பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்கிறோம் என்று பெருமையாகச் சொல்கிறோம். வீட்டோடு சேர்த்து முப்பது வருடத்துக்கு ஒரு பில்லையும் கொடுக்கிறோம் என்பதை நாம் யாரும் நினைப்பதில்லை.

இங்கேதான் எனது பதில் இரண்டாவது தடவை மாறியது. கட்டி முடிந்த வீட்டுக்குக் கணக்காய்வு என்பது பெரும்பாலும் மருந்துச் சீட்டு. 180 யுனிட்டுக்குக் கீழே இருப்பவருக்குக் கொப்பியே போதும். கட்டப் போகும் வீட்டுக்கு, புதிதாக வாங்கப் போகும் சூரியத் தகட்டுக்கு, பெரிய ஏ.சி.க்கு முன்னால் செய்யும் கணக்காய்வுதான் காசுக்குப் பெறுமதியானது. பில்லில் எவ்வளவு குறையும் என்பதோடு இன்னொன்றையும் பாருங்கள்: அடுத்து நீங்கள் செலவழிக்கப் போகும் பெரிய தொகை அந்த அறிக்கையால் மாறுமா? மாறக்கூடியது என்றால் 18,000 சின்னக் காசு. எதுவும் மாறாது, எதுவும் கட்டப் போவதில்லை, வாங்கப் போவதில்லை என்றால் அந்தக் காசுக்கு நல்ல விசிறி வாங்குங்கள். இப்போது வரும் பி.எல்.டி.சி. விசிறிகள் 35 வோட்டுக்குள் ஓடுகின்றன, பழைய விசிறியின் பாதி.

கடைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. கடைக்கான கட்டண முறை வேறு. வீட்டுக் கணக்கை அங்கே கொண்டுபோய் வைக்க வேண்டாம். ஆனால் பேக்கரி, ஐஸ் ஆலை, அரிசி ஆலை, கோழி இறைச்சிக் குளிர் அறை வைத்திருப்பவர்களுக்கு இது வீட்டுக்காரரின் கேள்வியே அல்ல. இரவு பகலாக ஓடும் மோட்டாரும் கம்ப்ரசரும் உள்ள இடத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும் அது ஒரு தொழிலாளியின் சம்பளம். பள்ளிவாசல் முற்றத்தில் அந்தப் பேக்கரிக்காரர் சொன்னது சரி. அங்கே அங்கீகாரம் பெற்ற ஆளையே கூப்பிடுங்கள், கட்டணம் கூடினாலும். கூட்டாளியின் மகன் என்று பார்க்க வேண்டாம்.

மேல்வீட்டுக்கு இப்போது ஸ்லாப் இல்லை. சரிவான கூரை, தகட்டின் கீழ் வெப்பம் தடுக்கும் படலம், அதற்குக் கீழே சீலிங், இரண்டுக்கும் இடையில் சூடான காற்று வெளியேற இரு பக்கமும் வழி. ஜன்னல்கள் கடல் பக்கம். மேற்குச் சுவருக்கு நீளமான தாழ்வாரம். உம்மா வாப்பா காலத்து வீடுகளில் இதெல்லாம் இருந்தவைதான். நாம்தான் கொங்கிரீட்டைக் கண்டதும் மறந்துவிட்டோம். மேசனுக்கு விருப்பமில்லை. "ஸ்லாப் போட்டா நாளைக்குப் பேத்திக்கும் மேல எழுப்பலாமே ஹாஜியார்" என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பேத்திக்கு இப்போது மூன்று வயது.

மேல்வீட்டுக்கு வேறு மீற்றர் எடுக்க மனுக் கொடுத்திருக்கிறேன். ஒரே மீற்றரில் இரண்டு குடும்பம் ஓடினால் இருவரும் சேர்ந்து மேல்படி விலைக்குத்தான் போவார்கள். தனி மீற்றர் என்றால் ஒவ்வொருவருக்கும் கணக்கு முதலாவது யுனிட்டிலிருந்து தொடங்கும். அதற்கு மேல்வீட்டுக்குத் தனி வரி இலக்கம் வேண்டுமென்று கேட்டிருக்கிறார்கள். நகரசபைக்கு நாளை போக வேண்டும்.